25 முனை நட்சத்திரமும் ஒரு டர்னிப் கிழங்கும்



டிசம்பர் பிறந்துவிட்டால் வெளிநாட்டிலிருந்து உங்களில் யாராவது போன் செய்து ஒரே குறையைத்தான் சொல்கிறீர்கள். "டீச்சர், இங்க கிறிஸ்மஸ் கிறிஸ்மஸ் மாதிரியே இல்லை. கேரல் ரவுண்ட்ஸ் கிடையாது, விடியற்காலை ஆராதனை கிடையாது. பிள்ளைகளுக்கு முந்திரிக்கொத்து என்றால் என்னவென்றே தெரியாது." இந்த வருடம் ஆறுதல் சொல்வதற்குப் பதில் ஒரு பழைய கதை சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

மொரேவியர் என்று ஒரு சின்னத் திருச்சபையார் உண்டு. மத வேற்றுமையால் சொந்த ஊரை விட்டு ஓடி வந்த அகதிகள் சிலர், ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் 1722இல் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை அமைத்தார்கள். பத்தே வருடத்தில், 1732இல், அங்கிருந்து மிஷனெரிகள் கரீபியன் தீவுக்குக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த வருடம் கிரீன்லாந்து, 1737இல் தென்னாப்பிரிக்கா, 1760இல் நம்முடைய தரங்கம்பாடி, 1771இல் வட அமெரிக்காவின் பனிக்கரையான லாப்ரடோர். அவர்களில் பலர் பெரிய படிப்பாளிகள் இல்லை. தச்சுவேலை, நெசவு என்று கைத்தொழில் தெரிந்தவர்கள்.

அவர்களிடம் ஒரு கிறிஸ்மஸ் வழக்கம் இருந்தது. 1747இல் மரியன்போர்ன் என்ற இடத்தில் நடந்த பிள்ளைகள் ஆராதனையில், ஒவ்வொரு பிள்ளை கையிலும் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சின்ன மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள். இயேசுவின் அன்பு உன் உள்ளத்தில் எரியட்டும் என்பது பொருள். மிஷனெரிகள் போன ஊருக்கெல்லாம் அந்த வழக்கமும் கூடவே போனது.

லாப்ரடோரில் என்ன செய்தார்கள் தெரியுமா? அங்கே கோடைக்காலம் மிகக் குறுகியது. அதற்குள் தோட்டத்தில் டர்னிப் கிழங்கு விளைவித்தார்கள். நம்ம ஊர் நூக்கோல் மாதிரி இருக்கும். அதைக் கிறிஸ்மஸ் வரை பத்திரப்படுத்தி, அதில் மெழுகுவர்த்தியைக் குத்தி, இன்யூட் பழங்குடிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். ஜெர்மனியில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் அந்த வழக்கம் கப்பலிலேயே முடிந்திருக்கும். உள்ளதைக் கொண்டு செய்ததால் பிழைத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

லாப்ரடோருக்கு லண்டனிலிருந்து வருடத்துக்கு ஒரு மிஷன் கப்பல்தான் வரும், அதுவும் பனி உருகிய பிறகு. கடிதம் வருவதும் போவதும் அதில்தான். மிஷனெரிகளின் சொந்தப் பிள்ளைகளையோ ஆறேழு வயதிலேயே படிப்புக்காக ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவார்கள். சில பிள்ளைகள் அதற்குப் பிறகு பெற்றோரைப் பார்க்கவே இல்லை. அந்தப் பனியூரில் ஒரு தாய் அடுத்த வீட்டுப் பிள்ளை கையில் மெழுகுவர்த்தி கொடுக்கும்போது, தன் பிள்ளை எங்கோ ஒரு விடுதியில் கிறிஸ்மஸ் கொண்டாடிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளிகளில் ஒன்று நீஸ்கி என்ற ஊரில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கே வடிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் காகிதத்தில் நட்சத்திரம் செய்தார்கள். பிறகு கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வெந்து நாட்களில் அதைச் செய்து தொங்கவிடுவது விடுதி வழக்கமாகவே ஆகிவிட்டது. அங்கே படித்த ஒருவர் பின்னாளில் தன் புத்தகக் கடையில் செய்முறையோடு விற்கத் தொடங்கினார். அதுதான் இன்று ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று உலகமெங்கும் தொங்குகிறது. பிரிவில் இருந்த பிள்ளைகள் கணக்கு வகுப்பில் செய்தது அது!

எனக்கு இது வெறும் சரித்திரமாகத் தோன்றவில்லை. நம் பக்கத்திலிருந்து வடமாநிலங்களுக்கு மிஷனெரியாகப் போனவர்களின் பிள்ளைகள் சிலர் விடுதியில் தங்கி என் ஐந்தாம் வகுப்பில் படித்தார்கள். ஒரு டிசம்பரில் பழைய காலண்டர் தாளில் கூம்பு செய்யச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பையன் மட்டும் ஒன்றையும் ஒட்டாமல் தட்டையாகவே அடுக்கி வைத்தான். "ஏம்ப்பா ஒட்டலை?" என்றேன். "கவர்ல வச்சு அம்மாவுக்கு அனுப்பணும் டீச்சர். அம்மா அங்க ஒட்டிக்குவாங்க" என்றான். அவன் பெற்றோர் ஒடிசாவில் ஒரு மலைக்கிராமத்தில் இருந்தார்கள். அந்த வருடம் அவர்களால் வர முடியவில்லை. ஊழியத்தைப் பற்றி மேடையில் பெருமையாகப் பேசும்போது, அதற்கு இந்தப் பிள்ளைகள் கொடுத்ததையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது அன்றிலிருந்து என் எண்ணம்.

லாப்ரடோர் கதைக்கு வருகிறேன். மிஷனெரிகள் கொண்டுபோன பாட்டையும் ஊதுகருவிகளையும் இன்யூட் மக்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். தங்கள் மொழியில் பாடினார்கள், தாங்களே ஆர்கன் வாசித்தார்கள், தங்கள் காதுக்கு ஏற்றபடி மெட்டையும் மாற்றிக்கொண்டார்கள். ஜனவரி 6 இரவில், தோலாடையும் முகமூடியும் அணிந்த 'நாலுயுக்' உருவங்கள் உறைந்த கடல்மேல் நடந்து ஊருக்குள் வரும். "நல்ல பிள்ளையாக இருந்தாயா?" என்று கேட்கும். பிள்ளைகள் பாட்டுப் பாடினால் பரிசு கிடைக்கும். ஞானிகள் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த அந்தத் திருநாள், இன்யூட் ஊரில் இப்படித்தான் வருகிறது.

ஆகவே, வெளியூரில் இருக்கும் என் பிள்ளைகளே, நம் ஊர்க் கிறிஸ்மஸை அப்படியே அங்கே கொண்டுவர முடியவில்லையே என்று வருந்தாதீர்கள். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு கிடைக்காவிட்டால் கிடைக்கிற பருப்பில் உருட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து உருட்டுங்கள். உங்கள் பிள்ளைகள் அதில் எதையாவது மாற்றினால் தடுக்காதீர்கள். மாற்றுகிறார்கள் என்றால் தங்களுடையது என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்குப் போன் செய்யவும் மறக்காதீர்கள். அவர்களுக்கு வருடத்துக்கு ஒரு கப்பல் போதாது.

கடைசியாக, வீட்டுப்பாடம்! நடு உருவத்தில் 18 சதுர முகம், 8 முக்கோண முகம், மொத்தம் 26. ஒரு சதுரத்தைத் தொங்கவிடவும் விளக்கு வைக்கவும் விட்டுவிட்டால், நாற்பக்கக் கூம்பு 17, முப்பக்கக் கூம்பு 8, ஆக 25 முனை. சார்ட் பேப்பரும் கோந்தும் போதும். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து எனக்குப் படம் அனுப்புங்கள். முனைகளை எண்ணித்தான் மார்க் போடுவேன்.

அனைவருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.