காலிக் கோட்டையில் ஒரு மூலை வீடு

காலிப் புகையிரத நிலையத்தில் இறங்கினால் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். போர்த்துக்கேயரிடமிருந்து 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெரிதாகக் கட்டிய கோட்டை இது. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வருபவர்களில் அதிகம் பேர் வெளிச்ச வீட்டருகே புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் போனது சித்திரம் வரையப் பழக.

தூரத்தில் உள்ளது சிறிதாகத் தெரிவதைத் தாளில் காட்டும் முறையைப் பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள். நேரே நீளும் வீதியின் இரு கரைகளும் ஒரு புள்ளியில் போய் மறையும். அதைப் பார்க்க லெயின் பான் வீதி நல்ல இடம். ஒல்லாந்த மொழியில் அந்தப் பெயருக்குக் கயிறு திரிக்கும் இடம் என்று பொருள். கயிறு முறுக்க நேரான, நீண்ட வெளி வேண்டுமல்லவா?

ஆனால் ஒரு வீட்டின் மூலைக்கு எதிரே நின்றால் ஒரு புள்ளி போதாது. இரு சுவர்களும் இரு பக்கமாக விலகி ஓடுகின்றன.

எங்களுக்குப் பழக்கிய ஆசிரியை முதலில் மதிலுக்கு மேல் அழைத்துப் போனார். "கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். உங்கள் கண் மட்டம் அதுதான்" என்றார். குந்தியிருந்து பார்த்தேன். கோடும் என்னோடு இறங்கி வந்தது!

பிறகு கீழே வந்து, திண்ணை வைத்த பழைய வீடொன்றின் மூலையை வரைந்தோம். முதலில் கண் மட்டக் கோடு. அதைக் குறுக்கே வெட்டி வீட்டு மூலையின் நிலைக்குத்துக் கோடு. கண் மட்டக் கோட்டின் இரு முனைகளிலும் இரு புள்ளிகள். கண் மட்டத்துக்கு மேலேயுள்ள இறவாணம் புள்ளியை நோக்கி இறங்கும். கீழேயுள்ள படிக்கட்டு ஏறும். தூண்கள் நேராகவே நிற்கும். புள்ளிகள் நெருங்கியிருந்தால் வீட்டின் மூலை கத்திபோல் துருத்திக்கொண்டு தெரியும். அதனால் தாளைப் பெரிய பலகையில் ஒட்டி, புள்ளிகளை வெளியே தள்ளி, குண்டூசி குத்தி நூல் கட்டினோம். அடிமட்டத்தைவிட நூல் வசதி.

எனக்கு இது பொழுதுபோக்கல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடும் இரண்டு ஒழுங்கைகள் சந்திக்கும் மூலையில்தான் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு 12 வயது. வீட்டின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இப்போது வீடும் இல்லை. புத்தளத்தில் பிறந்த என் பிள்ளைகளுக்கு அது வெறும் கதை.

ஊர் திரும்பியதும் உம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அந்த மூலைக் கோட்டை இழுத்தேன். திண்ணைத் தூண் மூன்று என்று நான் நினைத்திருந்தேன். நூலைப் பிடித்து இடைவெளிகளைக் குறித்தபோது, "நாலாவது எங்கே? வாப்பா சைக்கிள் சாத்துவாரே" என்றார் உம்மா. நாலாவதை வைத்த பிறகுதான் வாசல் தன் இடத்துக்கு வந்தது.

கிணற்றடிச் சுவர்தான் இன்னும் முடியவில்லை. அது என் தலைக்கு மேலே நின்றதாக எனக்கு ஞாபகம். அந்தச் சுவருக்கு மேலால்தான் பக்கத்து வீட்டு மாமியோடு கதைப்பேன் என்கிறார் உம்மா. அவர் சொல்வதுபோல் என்றால் கண் மட்டத்துக்குக் கீழே வரையவேண்டும். யாருடைய கண் மட்டம் என்று கேட்டேன். பென்சிலை வாங்கி, தன் உயரத்துக்கு ஒரு கோடு போட்டார்.