சித்ரா வால்வு

திருப்பூர். காலை ஷிப்ட் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்து பெஞ்சில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. ஓவர்லாக் தைப்பவர், பை ஓரத்தில் பனியன் பஞ்சு ஒட்டியிருக்கிறது. கழுத்துக்குக் கீழே தழும்பின் நுனி.

"எதுக்குங்கக்கா டெஸ்டு?"

"சின்ன வயசுல மூட்டுக் காச்சல் வந்து வால்வு கெட்டுப்போச்சு தம்பி. சித்ரா வால்வு வெச்சிருக்குது. ரத்தம் ஒறையுற கணக்கு மாசாமாசம் பாக்கோணும்."

சித்ரா என்றதும் எம்.எஸ். வலியத்தான் நினைவுக்கு வந்தார். 1934-ல் மாவேலிக்கரையில் பிறந்த இதய அறுவை மருத்துவர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர். வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டாதிருந்த காலத்தில், இங்கேயே செய்வோம் என்று துணிந்தார். பொறியாளர் ஜி.எஸ். புவனேஷ்வரும் குழுவினரும் கூட நின்றார்கள்.

முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்றில் திறந்து மூடும் தட்டு செயற்கை நீலக்கல்! ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கான உழைப்பை ஒதுக்கிவைத்து, மறுபடி வரைபடத்தின் முன் உட்கார்ந்தார்கள். அந்த மனத்திடத்தைத்தான் நான் முதலில் வணங்குவேன். நான்காவதில் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகச் சட்டம், சாய்ந்து திறந்து மூடும் பாலிஎத்திலீன் தட்டு. நிமிடத்துக்கு 70 துடிப்பென்றால் நாளொன்றுக்கு லட்சம் முறை அது திறந்து மூட வேண்டும். செம்மறி ஆடுகளில் சோதித்த பிறகு, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு மனித இதயத்தில் அதைப் பொருத்தினார்கள்.

சட்டத்தைச் சுற்றி பாலியெஸ்டர் துணி வளையம் உண்டு. அந்தத் துணியில் ஊசி ஏற்றித்தான் வால்வை இதயத்தோடு தைக்கிறார்கள். தையல் பிசகினால் ரத்தம் ஓரத்தில் கசியும். தையலின் அருமை தெரிந்த ஊர் திருப்பூர். அமெரிக்காவில் அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி 1950-களில் டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியைத் தையல் மிஷினில் தைத்துத்தான் செயற்கை ரத்தக் குழாய் செய்தார். தையலே இல்லாத குழாயாகப் பின்னும் மிஷினை அமைத்துத் தந்தவர் ஒரு ஜவுளிப் பொறியாளர்.

ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்தியபடி அந்த அம்மா கம்பெனி வேனுக்கு ஓடுகிறார்.

வலியத்தான் 2024 ஜூலை 17 அன்று, 90 வயதில் மறைந்தார். அவரைப் போற்ற நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வால்வைக் கெடுக்கும் மூட்டுக் காய்ச்சல் தொண்டையில்தான் தொடங்குகிறது; பிள்ளைக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சில வாரம் கழித்து மூட்டு வீங்கினாலோ, ஷிப்டைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.