ஆர்லிங்டனின் 27-ஆவது பிரிவு

அமெரிக்காவின் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தின் படத்தைப் போட்டு, வரிசை வரிசையா நிற்கிற வெள்ளைக் கற்களைக் காட்டி, 'சாவிலாவது எல்லாரும் சமம்'னு எழுதுறாங்க. வரலாறு அப்படிச் சொல்லலை. உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையை நடத்திய ராபர்ட் லீயோட மனைவியின் எஸ்டேட் அது. 1864-இல் அங்கே வீரர்களைப் புதைக்கத் தொடங்கினாங்க. கறுப்பின வீரர்களைத் தனியாத்தான் வச்சாங்க. 27-ஆவது பிரிவில் அவர்களோடு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட சுமார் 3,800 பேரும் இருக்காங்க. அவங்க கற்கள் பலவற்றில் ஒரு பெயர், கீழே 'குடிமகன்' என்ற சொல், அவ்வளவுதான்.

'அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?'ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா நாட்டை எதிர்த்துச் சண்டைபோட்ட தென்மாநில வீரர்களுக்கு அதே தோட்டத்தில் தனி இடம் ஒதுக்க 1900-இலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டுச்சு. 1914-இல் நினைவுச்சின்னமும் எழுந்துச்சு. நாட்டுக்காகச் செத்த கறுப்பின வீரர்களைப் பிரிச்சுப் புதைக்கிற வழக்கம் முடிய 1948-இல் அதிபர் ட்ரூமனின் ஆணை வர வேண்டியிருந்துச்சு. காலத்தால் மன்னிக்க முடிஞ்சிருக்கு. யாரை முதல்ல மன்னிப்பதுங்கிறதை ஆட்களே தேர்ந்தெடுத்திருக்காங்க.

அடுத்த முறை அந்தப் படத்தைப் பகிரும்போது 27-ஆவது பிரிவையும் சேர்த்துப் பகிர்வீங்களா?