'இந்தத் தீவுல யாரு குடியிருக்காங்க?' - பஹாமாஸில் கப்பல் கம்பெனி நடத்தும் கடற்கரையில் ஒரு நாள்!

பஹாமாஸ் நாட்டு வரைபடத்தில் அந்தத் தீவின் பெயர் 'லிட்டில் ஸ்டிரப் கே'. கப்பல் டிக்கெட்டில் அதன் பெயர் 'பெர்ஃபெக்ட் டே அட் கோகோகே'. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சாயங்காலம் கப்பல் ஏறினால், மறுநாள் காலை ஜன்னல் திரையை விலக்கும்போது எதிரே நிற்கும்.

அங்கே ஊர் கிடையாது. பள்ளிக்கூடம், கடைத்தெரு, பஸ் ஸ்டாண்ட் எதுவும் கிடையாது. 'ராயல் கரீபியன்' என்ற கப்பல் கம்பெனியின் பயணிகள் காலையில் இறங்கி, பகல் முழுக்க ஆட்டம் போட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பக் கப்பல் ஏறுவதற்காகவே நடத்தப்படும் தீவு அது. 700 தீவுகள் கொண்ட பஹாமாஸில் இப்படிப்பட்ட 'பிரைவேட்' தீவுகள் இன்னும் சில இருக்கின்றன.

ஃப்ளோரிடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா, அம்மா, அக்கா, மாமா, அவர்களின் 7 வயதுப் பையன், நான் என ஆறு பேர் இந்தத் தீவுக்குக் கிளம்பினோம்.

காலை 8 மணி: பாலத்தில் ஒரு திருவிழா

முன்பெல்லாம் கப்பல் நடுக்கடலில் நிற்கும். சின்னப் படகுகளில் பயணிகளைத் தீவுக்குக் கொண்டுவருவார்கள். 25 கோடி டாலர் செலவில் தீவையே புதுப்பித்து 2019 மே மாதம் திறந்தபோது, நீளமான இறங்குபாலமும் கட்டிவிட்டார்கள். இப்போது ஒரே நேரத்தில் இரண்டு பெரிய கப்பல்கள் பாலத்தின் இருபுறமும் வந்து நிற்கலாம். இந்தக் கம்பெனியின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் மட்டும் அதிகபட்சம் 7,600 பேர் வரை பயணிக்கலாம் என்றால், கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பாலத்தில் நடக்கும்போதே காதில் பாட்டு, கண்ணில் கலர் கலராகக் குடைகள். நடக்க முடியாதவர்களுக்கு இலவச டிராம் வண்டி ஓடுகிறது. அப்பா, "திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக் கூட்டம் மாதிரி இருக்கே" என்றார். ஆனால், தள்ளுமுள்ளு இல்லை. தீவுக்குள் போனதும் கூட்டம் அங்கங்கே பிரிந்துவிடுகிறது.

எது இலவசம்... எது காசு?

கடற்கரை, சாய்வு நாற்காலி, குடை, குழந்தைகளுக்கான தண்ணீர் விளையாட்டுப் பகுதி, 'ஒயாசிஸ் லகூன்' என்ற பிரமாண்ட நன்னீர்க் குளம், மதியச் சாப்பாடு இவையெல்லாம் கப்பல் டிக்கெட்டிலேயே சேர்த்தி. 135 அடி உயர சறுக்கு இருக்கும் வாட்டர் பார்க், 450 அடி உயரம் வரை ஏறும் ஹீலியம் பலூன், தனிக் குடில், பெரியவர்கள் மட்டும் போகும் 'ஹைட்அவே பீச்' இவற்றுக்கெல்லாம் தனிக் காசு. விலையும் நாளுக்கு நாள் மாறும்.

பர்ஸை எடுக்கவே தேவையில்லை. கப்பலில் தரும் அட்டையைத் தேய்த்தால் கணக்கில் ஏறிவிடும். அதுதான் ஆபத்தும்! வாட்டர் பார்க் டிக்கெட்டை ரூபாயில் பெருக்கிப் பார்த்த அப்பா, "நான் இந்த நாற்காலியிலயே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அக்கா பையனும் மாமாவும் மட்டும் போனார்கள். பையன் பிறகு ரெண்டு நாளைக்கு வேறு எதையும் பேசவில்லை.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பழங்கள், சாலட், ஃபிரெஞ்சு ஃபிரைஸ், வறுத்த சீஸ் குச்சிகள் கிடைத்தன. அக்கா கப்பலிலேயே காலை உணவைக் கொஞ்சம் கனமாகச் சாப்பிடச் சொன்னது நல்ல யோசனை.

அம்மா மிதந்த அரை மணி நேரம்

எங்கள் அம்மாவின் பிறந்த ஊர் நாகப்பட்டினம். கடலோரத்தில் வளர்ந்தவர். ஆனால், 2004 சுனாமிக்குப் பிறகு கடலில் அவர் கால் நனைத்ததே இல்லை. வேளாங்கண்ணிக்குப் போனால்கூட மணலிலேயே உட்கார்ந்துகொள்வார். நாங்களும் கட்டாயப்படுத்தியதில்லை.

இந்தக் கடல் வேறு மாதிரி இருந்தது. பஹாமாஸின் பெரும்பகுதி ஆழம் குறைந்த ஒரு சுண்ணாம்பு மேடையின் மேல் இருக்கிறது. வெள்ளை மணல், அதற்கு மேல் ஆழமில்லாத தெளிந்த தண்ணீர். அதனால்தான் கடல் அப்படியொரு வெளிர் பச்சை கலந்த நீலத்தில் தெரிகிறது. நாங்கள் இருந்த பக்கம் அலை என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. நம்ம ஊர் ஏரிக்கரையில் நிற்பதுபோல் இருந்தது.

அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது சத்தமே போடலையே" என்றார். அக்கா ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துவந்து நீட்டினாள். முதலில் முழங்கால் அளவு. பிறகு இடுப்பளவு. அக்கா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, அம்மா மெதுவாகப் பின்னால் சாய்ந்து மிதந்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். யாரும் எதுவும் பேசவில்லை. கரையில் இருந்த அப்பா போட்டோ எடுக்க மறந்துவிட்டு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அம்மா கேட்டார். "ஏம்மா, இந்தத் தீவுல யாரு குடியிருக்காங்க? ஒரு வலை காயலை, ஒரு படகு கிடக்கலை!"

நாகப்பட்டினத்துக்காரருக்குக் கடற்கரை என்றால் படகு, வலை, கருவாடு, ஏலச் சத்தம். மனிதர்கள் பிழைக்கும் இடம். இங்கே இருப்பவர்கள் இரண்டே வகை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள், வேலை பார்க்க வந்தவர்கள்.

கப்பல் கம்பெனிக்குத் தீவு எதற்கு?

அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடினால், கதை 1886-க்குப் போகிறது. அந்த வருடம் அமெரிக்கா போட்ட சட்டப்படி, வெளிநாட்டில் பதிவான கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது. நடுவில் வெளிநாட்டில் நிற்க வேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் பதிவானவைதான். ஒரே இரவில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கும் வெளிநாடு பஹாமாஸ். வசதியாகப் போயிற்று!

1977-ல் 'நார்வீஜியன்' கம்பெனி, கோகோகேவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிரேட் ஸ்டிரப் கே தீவை வாங்கியது. 1863-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கும் தீவு அது. 1998-ல் டிஸ்னி, 2019-ல் எம்.எஸ்.சி என்று வரிசையாகத் தனித் தீவுகள் வந்தன. 2025-ல் கார்னிவல் கம்பெனி, கிராண்ட் பஹாமா தீவில் 'செலிப்ரேஷன் கீ'யைத் திறந்தது.

கம்பெனிக்கு இதில் லாபம் தெளிவு. தலைநகர் நசாவில் கப்பல் நின்றால், பயணி டாக்ஸிக்கும் தெருவோரக் கடைக்கும் ஓலைக்கூடை விற்பவருக்கும் காசு கொடுப்பார். தனித் தீவில் நின்றால், அநேகமாக எல்லாக் காசும் அந்த அட்டை வழியாகக் கம்பெனிக்கே போகும். இத்தனைக்கும் ராயல் கரீபியனின் பல கப்பல்கள் பதிவாகியிருப்பது பஹாமாஸில்தான்; கப்பலின் பின்புறத்தில் பெரிதாக 'நசாவ்' என்று எழுதியிருக்கும். பயணி நசாவைப் பார்க்காமலே திரும்பிவிடலாம்.

பஹாமாஸ் அரசு சும்மா இல்லை. 18 டாலராக இருந்த பயணி வரியை 2024-ல் உயர்த்தியது. நசாவ், ஃப்ரீபோர்ட்டில் இறங்குபவருக்கு 23 டாலர். தனித் தீவில் மட்டும் இறங்கித் திரும்புபவருக்கு 25 டாலர். அந்த 2 டாலர் வித்தியாசத்தில் ஒரு நாட்டின் மனக்குறை தெரிகிறது.

அதே நேரம், இந்தத் தீவுகளால் பஹாமியர்களுக்கு வேலை கிடைப்பதும் உண்மை. கோகோகே இருக்கும் பெர்ரி தீவுக்கூட்டத்தில் 2010 கணக்கெடுப்பின்போது வாழ்ந்தவர்கள் சுமார் 800 பேர்தான். அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு நிலையான சம்பளம் என்பது சின்ன விஷயம் இல்லை.

பனையோலை தெரிந்த கைகள்

திரும்பும் வழியில் ஒரு சின்னச் சந்தை. பஹாமியப் பெண்கள் ஓலைப் பைகள், தொப்பிகள், விசிறிகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே 'சில்வர் டாப்' என்ற பனையின் ஓலையைக் கிழித்து, காயவைத்து முடைவது பரம்பரைத் தொழில்.

அம்மா ஒரு பையை எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். முடைச்சலை விரலால் தடவினார். கடைக்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டே ஓர் ஓலைக் கீற்றை நீட்ட, அம்மா இரண்டு வரிசை முடைந்து காட்டினார். அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருவர் பேசியது மற்றவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அன்றைக்கு முழுக்க நாங்கள் பஹாமாஸ் நாட்டுக்காரர் ஒருவரோடு நின்று பேசியது அந்தப் பத்து நிமிடம்தான்.

போக நினைப்பவர்களுக்கு...

* அமெரிக்க விசா 'மல்டிபிள் என்ட்ரி'யாக இருக்க வேண்டும். கப்பல் அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்புவதால் இது முக்கியம். பஹாமாஸ் விதிகளையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

* காலையில் சீக்கிரம் இறங்கினால் நிழலான நாற்காலி கிடைக்கும். துண்டைக் கப்பலிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

* சந்தையில் வாங்கக் கொஞ்சம் டாலர் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பஹாமாஸில் அமெரிக்க டாலர் செல்லும்.

* தண்ணீரைப் பார்த்துப் பயப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், தைரியமாக அழைத்துப் போகலாம். லைஃப் ஜாக்கெட் மட்டும் கட்டாயம்.

* முடிந்தால் நசாவிலும் ஒரு நாள் நிற்கும் பயணமாகப் பார்த்து புக் செய்யுங்கள். தீவில் கடல் கிடைக்கும். ஊரையும் ஜனங்களையும் பார்க்க நசாவுக்குத்தான் போக வேண்டும்!