‘ஃபார்மட்’ போடுவதற்கு முன்...

வேப்பந்தட்டை பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 விவசாயிகள் சேர்ந்து, அரசு கொடுத்த 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதியில் உழவுக் கருவிகள் வாங்கி வாடகைக்கு விடுகிறார்கள். யார் காட்டில் எத்தனை மணி நேரம் ஓடியது, யார் பாக்கி என்கிற கணக்கெல்லாம், செயலாளருடைய மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப்பில் இருந்தது. ஒருநாள் அது விண்டோஸுக்குள் போகாமல் நின்றுவிட்டது.

“சார், ஃபார்மட் போட்டாத்தான் ஓடும்ங்கிறாங்க. போடச் சொல்லிடட்டுங்களா?” என்று போனில் கேட்டார்.

“அவசரப்படாதீங்க. கணக்கு வேற எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?” என்றேன். இல்லை என்றார்.

மோட்டார் எரிந்துபோனால் கிணற்றுத் தண்ணீர் வற்றிவிடுவதில்லை. அதுபோல, விண்டோஸ் பழுதானாலும் ஹார்டு டிஸ்கில் உள்ள கணக்கு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஃபார்மட் போட்டால்தான் போய்விடும். எனவே ஹார்டு டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் மூலம் வேறொரு கணினியில் இணைத்து, கணக்கு முழுவதையும் பென் டிரைவில் எடுக்கச் சொன்னேன். அதன் பிறகுதான் புதிதாக விண்டோஸ் போட்டார்கள். அந்தக் கணக்கு போயிருந்தால் 100 குடும்பங்களுக்குள் சண்டை வந்திருக்கும்.

இந்த அலைச்சலைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 10 அல்லது 11 நன்றாக ஓடும்போதே ‘ரெக்கவரி டிரைவ்’ தயாரித்து வைத்துக்கொள்ளலாம். குறைந்தது 16 ஜிபி பென் டிரைவ் வேண்டும். 32 ஜிபி இருந்தால் நல்லது. அதில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும் என்பதால், காலியானதையே எடுங்கள். தேடும் கட்டத்தில் ‘ரெக்கவரி டிரைவ்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதற்கான வசதி வரும். சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில் ‘டிக்’ இருக்க வேண்டும். பிறகு என்றைக்காவது விண்டோஸ் திறக்காவிட்டால், இந்த பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியை இயக்கி, ‘டிரபிள்ஷூட்’ பகுதியில் ‘ரெக்கவர் ஃப்ரம் எ டிரைவ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால், ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது விண்டோஸை மட்டும்தான் திரும்பக் கொண்டுவரும். உங்கள் கணக்கு, போட்டோக்கள், நீங்களாகப் போட்ட மென்பொருள்கள் எல்லாம் அழிந்துவிடும்.

பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். குழுக் கணக்கு, குத்தகை விவரம், பயிர்ச் சேதப் போட்டோக்கள் போன்றவற்றை யாரிடம் போய்க் கேட்பது? 2018-ல் படைப்புழு நம் மக்காச்சோளத்தை அழித்தபோது, பயிர்ப் பரப்பு விவரம் கையில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று நாமே பார்த்தோம். அதனால் கணக்குக்கென்று தனியாக ஒரு பென் டிரைவ் வாங்குங்கள். மாதம் ஒருமுறை, குழுக் கூட்டம் முடிந்ததும் நகல் எடுங்கள். அதை லேப்டாப் பையிலேயே போடாமல், பொருளாளர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.