கோதுமைக் குன்றுகளின் நடுவே ஓர் அரங்கம்

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கோரத்தில், கோதுமைக் குன்றுகளுக்கிடையே அமைந்த புல்மன் என்னும் சிற்றூரில் நாங்கள் சில ஆண்டுகள் வாழ்ந்தோம். ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 33,000. அங்குள்ள வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் இருக்கைகளும் ஏறத்தாழ அத்தனையே. (அமெரிக்கக் கால்பந்தின் விதிகள் எங்களுக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை என்பது வேறு விஷயம்.) ஆட்ட நாட்களில் கடைத்தெருவே கருஞ்சிவப்புச் சட்டையில் திரியும். இரண்டாம் ஆண்டில் நாங்களும் வாங்கிவிட்டோம்.

2018இல் 11 ஆட்டங்களில் வென்ற அணி அது. ஆயினும் ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் தருவோர், அணியைச் சுற்றி எத்தனை வீடுகள் உள்ளன என்றே முதலில் பார்க்கிறார்கள். பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பான பிக் டென், 2014இல் ரட்கர்ஸைச் சேர்த்துக்கொண்டதும் நியூயார்க் வட்டாரத்தின் கேபிள் சந்தாதாரர்களைக் கருதியே. 2024இல் லாஸ் ஏஞ்சலிஸின் இரு பல்கலைக்கழகங்களும் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் அங்கேயே போய்ச் சேர்ந்தன. உடன்சென்ற ஓரிகனின் யூஜீன் பெருநகரல்ல. ஆனால் அதற்கு நைக்கி நிறுவனர் பில் நைட்டின் கொடை இருந்தது. பத்து அணிகள் விலகிய பசிபிக்-12 கூட்டமைப்பில் எஞ்சியவை ஓரிகன் ஸ்டேட்டும் எங்கள் புல்மனும் மட்டுமே.

அவ்வாண்டு செப்டம்பரில், சியாட்டிலுக்கே சென்று வாஷிங்டனை 24-19 என்று புல்மன் அணி வென்றது. அன்றிரவு பெட்டியின் அடியிலிருந்து பழைய சட்டைகளைத் தேடி எடுத்தோம்.