எண்ணெய்க் குழாயும் என் தாய்மாமாவும்

எங்கள் ஓட்டு வீடு மாடி வீடானது சூடான் நாட்டு எண்ணெயால் என்றால் நண்பர்கள் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் உண்மை. என் தாய்மாமா அந்நாட்டின் எண்ணெய் வயலொன்றில் சில ஆண்டுகள் வெல்டராக வேலை பார்த்தார். அவர் அனுப்பிய பணத்தில்தான் வீடும் எழும்பியது, என் படிப்பும் தொடங்கியது.

2012 ஏப்ரல் மாதம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு மாணவி. மாமா இருந்த ஹெக்லிக் வயலைத் தென் சூடான் படை பிடித்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நான்கு நாட்கள் மாமாவிடமிருந்து போன் இல்லை. பாட்டி பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள். ஐந்தாம் நாள் கார்ட்டூம் நகரிலிருந்து மாமாவின் குரல் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் உலை வைத்தார்கள். அன்று முதல் துப்பாக்கி ஏந்தி எண்ணெய் வயலுக்குள் வருபவர்கள் எல்லோரும் எனக்குப் பகைவர்கள்.

சென்ற ஆண்டு எங்கள் பொருளியல் துறைக் கருத்தரங்கில் அந்தப் பகையையே கட்டுரையாக்கினேன். "எண்ணெய்க் குழாயை உடைப்பவன் தன் நாட்டின் வயிற்றிலேயே அடிக்கிறான்" என்று முழங்கினேன். கைதட்டல் அரங்கை நிறைத்தது. பெருமையோடு வீட்டுக்குப் போய் மாமாவிடம் படித்துக் காட்டினேன்.

மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரிதாம்மா. அந்தக் குழாய் யார் ஊரு வழியாப் போச்சு, அவங்க எங்க போனாங்கன்னு ஒரு வரிகூட இல்லியே."

அந்த ஒரு கேள்வி என்னை மறுபடியும் நூலகத்துக்குத் துரத்தியது.

தெற்குச் சூடானில் பென்டியு என்ற ஊருக்கு அருகே அமெரிக்காவின் செவ்ரான் நிறுவனம் எண்ணெய் கண்டது 1970களின் இறுதியில். அங்கே வாழ்ந்தவர்கள் மாடு மேய்க்கும் நுவேர், டிங்கா மக்கள். எண்ணெய் தெரிந்ததும் 1980இல் எல்லைக் கோட்டையே மாற்றி, அந்த நிலத்தை வடக்கோடு சேர்க்கப் பார்த்தது கார்ட்டூம் அரசு. சுத்திகரிப்பு ஆலையைத் தங்கள் மண்ணில் கட்டுங்கள் என்ற தென்னவரின் கோரிக்கையும் எடுபடவில்லை. 1983இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடுத்த ஆண்டே கிளர்ச்சியாளர்கள் செவ்ரான் முகாமைத் தாக்கினர். வெளிநாட்டுத் தொழிலாளர் மூவர் மாண்டனர். நிறுவனம் வேலையை நிறுத்தியது.

எண்ணெய் ஆசை மட்டும் நிற்கவில்லை. சீன, மலேசிய, கனடிய நிறுவனங்கள் சூடான் அரசு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் குழாயைச் செங்கடல் வரை பதித்தன. 1999 ஆகஸ்டில் முதல் கப்பல் புறப்பட்டது. அடுத்த மாதமே அட்பரா நகருக்கு அருகில் குழாயில் குண்டு வெடித்தது. ஆனால் குழாய் விரைவில் ஒட்டுப்போடப்பட்டது. குழாய்க்கும் வயலுக்கும் காவல் என்ற பெயரில் ஊர்கள் எரிக்கப்பட்டன; ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். ஆயிரமாயிரம் பேர் மாடு கன்றோடு ஓடினார்கள். கண்டனம் வலுத்ததும் கனடிய நிறுவனம் தன் 25 விழுக்காட்டுப் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. 2003இல் அதை வாங்கியது யார் தெரியுமா? நம் இந்திய அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. விதேஷ்! ஆக, இது யாரோ எவரோ சம்பந்தப்பட்ட கதை அன்று. நாமும் அதில் பங்காளிகள்.

இதற்காகக் கிளர்ச்சியாளர்களை நான் தலையில் தூக்கி வைக்கப் போவதில்லை. 2011 ஜூலை 9இல் தென் சூடான் தனி நாடானது. நேற்றைய கிளர்ச்சியாளர்கள் அமைச்சர்கள் ஆனார்கள். எண்ணெயில் முக்கால் பங்கு அவர்களுக்கு. குழாயும் துறைமுகமும் வடக்கே. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை! குழாய் வாடகைத் தகராறில் 2012 ஜனவரியில் தாங்களே எண்ணெயை நிறுத்தி, ஓராண்டுக்கு மேல் அரசுக் கருவூலத்தைக் காயப் போட்டார்கள். 2013 டிசம்பரில் அவர்களுக்குள்ளேயே போர். 2014 ஏப்ரலில் பென்டியுவைப் பிடித்த புதிய கிளர்ச்சியாளர்கள், எண்ணெய் நிறுவனங்களை ஒரு வாரத்தில் வெளியேறச் சொன்னார்கள். முப்பது ஆண்டுக்கு முன் கேட்ட அதே குரல். எதிரே இருந்தவர்கள் மட்டும் வேறு.

இதையெல்லாம் படித்துவிட்டு மாமாவிடம், "அப்படியானால் யார் பக்கம் நியாயம் மாமா?" என்றேன்.

"நியாயமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எங்க முகாமுக்கு ராத்திரியெல்லாம் விளக்கு எரியும். வேலிக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க விறகு சுமந்துக்கிட்டு இருட்டுல நடப்பாங்க. அதப் பாத்துக்கிட்டேதான் நான் சம்பளம் வாங்கினேன்" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

குழாயை உடைப்பது குற்றம் என்றே இன்றும் எண்ணுகிறேன். அதில் சாகிறவன் என் மாமாவைப் போன்ற கூலிக்காரனே. ஆனால் குழாய் பதிக்கும் முன் அந்த மண்ணின் மக்களைக் கேட்காததும், பதித்த பின் அவர்களுக்குப் பங்கு தராததும் அதற்கு முந்திய குற்றங்கள். அந்த முதற் குற்றங்களை விட்டுவிட்டுத்தான் நான் அன்று கைதட்டல் வாங்கினேன்.

கருத்தரங்கக் கட்டுரையை இப்போது மாற்றி எழுதிவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருட்டில் விறகு சுமந்து நடக்கும் பெண்களிலிருந்து அது தொடங்குகிறது.